ஜெர்மனியில் மாரடைப்பு வந்தால்: ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து மறுபடி வேலைக்குப் போகும்வரை

ஜெர்மனியில் சட்டபூர்வ மருத்துவக் காப்பீட்டில், அதாவது கிராங்கன்காசேயில் (சுருக்கமாக "காசே") இருப்பவருக்கு மாரடைப்புச் சிகிச்சை கடனைக் கொண்டுவராது. ஆஞ்சியோ, ஸ்டென்ட், பைபாஸ் எல்லாவற்றுக்கும், சிறு பங்குத்தொகை போக, காசே கொடுத்துவிடும்; மறுவாழ்வுப் பயிற்சிக்கு ஓய்வூதியக் காப்பீடோ காசேயோ கொடுக்கும். பணம் கைவிட்டுப் போவது வேறு வழியில். ஒரு மருத்துவச் சான்று ஒரு நாள் தாமதமாகும், ஒரு கடிதத்துக்குப் பதில் போகாது, யோசிக்காமல் ஒரு கையெழுத்து விழும். நெஞ்சில் தையலும் கையில் மாத்திரைப் பெட்டியுமாக இருக்கும் நேரத்தில் இதையெல்லாம் யாரும் கோர்வையாகச் சொல்லித் தரமாட்டார்கள். அதனால்தான் இந்தக் கட்டுரையில் தேதிகளுக்கே அதிக இடம்.

நோயாளியால் இதையெல்லாம் படித்துச் செய்ய முடியாது. மனைவியோ கணவரோ நண்பரோ ஒருவர் முதல் நாளிலிருந்தே காகிதங்களைப் பொறுப்பேற்றுக்கொள்ள வேண்டும்.

1. வலி தொடங்கியதும்: 112

நெஞ்சில் அழுத்தமோ எரிச்சலோ ஐந்து நிமிடத்துக்கு மேல் நின்றால் 112ஐ அழையுங்கள். கட்டணம் கிடையாது, லேண்ட்லைனிலிருந்தும் சிம் உள்ள எந்த மொபைலிலிருந்தும் போகும். வலி இடது கையிலும் தாடையிலும் முதுகிலும் பரவலாம். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் பெரிய வலியே இல்லாமல் மூச்சுத்திணறல், குமட்டல், குளிர்ந்த வியர்வை என்றும் வரும்.

நம் வீடுகளில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறு, "கேஸாக இருக்கும்" என்று ஓமத் தண்ணீர் குடித்துவிட்டு விடியும்வரை காத்திருப்பது. அதற்கடுத்த தவறு, காரில் தாமே ஆஸ்பத்திரிக்குப் போவது. ஆம்புலன்ஸில் ஈசிஜியும், இதயம் நின்றால் மறுபடி துடிக்க வைக்கும் கருவியும் இருக்கின்றன. ஆஞ்சியோ வசதி இரவிலும் இயங்கும் ஆஸ்பத்திரி எது என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

ஜெர்மன் வராவிட்டாலும் ஒரு வாக்கியம் போதும்: "ஃபெர்டாக்ட் அவுஃப் ஹெர்ட்ஸ்இன்ஃபார்க்ட்". மாரடைப்புச் சந்தேகம் என்று பொருள். கூடவே தெரு, வீட்டு எண், மாடி, அழைப்பு மணியில் எழுதியிருக்கும் பெயர். அவர்கள் வைக்கச் சொல்லும்வரை போனை வைக்காதீர்கள். வாசல் கதவைத் திறந்துவிடுங்கள். ஆம்புலன்ஸுக்கு உங்கள் பங்கு அதிகபட்சம் 10 யூரோ.

116117 வேறு எண். அவசரமில்லாத மருத்துவ உதவிக்கானது. நெஞ்சுவலிக்கு அதை அழைத்து வரிசையில் காத்திருக்காதீர்கள்.

2. ஆஸ்பத்திரியில் முதல் மூன்று நாட்கள்

காப்பீட்டு அட்டை, பாஸ்போர்ட் அல்லது வதிவிட அட்டை, ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல், ஒவ்வாமை விவரம் ஆகியவற்றைக் கொண்டுபோய்க் கொடுங்கள். ஊரில் வாங்கிவந்த மாத்திரை என்றால் அட்டையையே காட்டுங்கள். இந்திய, இலங்கை பிராண்ட் பெயர் இங்குள்ள டாக்டருக்குத் தெரியாது. உள்ளிருக்கும் மருந்தின் பெயர்தான் அவருக்கு வேண்டும்.

சேர்க்கைப் படிவங்களோடு "வால்லைஸ்டுங்" என்ற தலைப்பில் ஒரு தாள் வரலாம். தலைமை மருத்துவர் நேரில் பார்ப்பது, தனி அறை போன்ற கூடுதல் வசதிகளுக்கான ஒப்பந்தம் அது. கையெழுத்திட்டால் அந்தச் செலவு காசேக்குப் போகாது, உங்கள் வீட்டு முகவரிக்குத் தனி பில்லாக வரும். கூடுதல் காப்பீடு இல்லாதவர் கையெழுத்திடக் கூடாது. இதை மறுப்பதால் சிகிச்சையில் எந்தக் குறையும் வராது.

நோயாளி பேசும் நிலையில் இல்லையென்றால் யார் முடிவெடுப்பது? 2023 ஜனவரி 1 முதல், சட்டப்படி மணமான துணைக்கு மருத்துவ விஷயங்களில் ஆறு மாதம் வரை முடிவெடுக்கும் உரிமை உண்டு. திருமணமாகாமல் சேர்ந்து வாழ்பவருக்கும் அண்ணன் தம்பிக்கும் அறைத் தோழருக்கும் அது இல்லை. அவர்களுக்கு முன்கூட்டியே எழுதிய அதிகாரப் பத்திரம் வேண்டும். தனியாக வந்திருப்பவர்கள் உடம்பு நன்றாக இருக்கும்போதே அதை எழுதி வைப்பது நல்லது.

மொழிபெயர்ப்பாளருக்குக் காசே பொதுவாகப் பணம் தராது. ஜெர்மன் நன்றாகத் தெரிந்த ஒருவரைத் தினமும் வரச் சொல்ல முடியாது. டாக்டரோடு வீடு திரும்பும் முன் நடக்கும் பேச்சுக்கும், சோத்சியால்டீன்ஸ்ட் (ஆஸ்பத்திரியின் சமூகப் பணிப் பிரிவு) சந்திப்புக்கும் மட்டுமாவது வரவழையுங்கள்.

வேலை செய்யும் இடத்துக்கு முதல் நாளே தகவல் போக வேண்டும், மின்னஞ்சல் போதும். மருத்துவச் சான்று இப்போது மின்னணு முறையில் காசே வழியாக முதலாளிக்குக் கிடைக்கிறது என்பதால் பலர் தாமாகச் சொல்வதை விட்டுவிடுகிறார்கள். சொல்லும் கடமை இன்னும் உங்களுடையதுதான். என்ன நோய் என்று எழுத வேண்டியதில்லை. "மருத்துவமனையில் அனுமதி, எப்போது திரும்புவேன் என்பது பின்னர்" என்ற அளவே போதும்.

வீட்டில் 12 வயதுக்குட்பட்ட குழந்தை இருந்து, பார்த்துக்கொள்ள வேறு யாரும் இல்லையென்றால் வீட்டு உதவியாளருக்கான செலவைக் காசேயிடம் கேட்கலாம். ஆளை வைத்துக்கொள்ளும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

3. ரேஹா விண்ணப்பம்: படுக்கையில் இருக்கும்போதே

மாரடைப்புக்குப் பின் மூன்று வார மறுவாழ்வுப் பயிற்சி, அதாவது ரேஹா, ஒன்று உண்டு. பெயர் ஆ-ஹா-பே. வழக்கமாக, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த 14 நாட்களுக்குள் அது தொடங்கிவிட வேண்டும். எனவே விண்ணப்பம் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே போக வேண்டும். அதைச் செய்வது அங்குள்ள சமூகப் பணிப் பிரிவான சோத்சியால்டீன்ஸ்ட். ஸ்டென்ட் வைத்தவரை மூன்று நான்கு நாளில் அனுப்பிவிடுகிறார்கள், நடுவில் சனி ஞாயிறு வந்தால் அந்தப் பிரிவே திறந்திருக்காது. இரண்டாம் நாளே நர்ஸிடம் "சோத்சியால்டீன்ஸ்ட் வேண்டும், ஆ-ஹா-பே விண்ணப்பிக்க" என்று கேளுங்கள். அவர்கள் வருவார்கள் என்று காத்திருந்து தவறவிட்டவர்கள்தான் அதிகம்.

யார் பணம் கொடுப்பார்கள்? வேலையில் இருந்து, கடந்த இரண்டு ஆண்டுகளில் குறைந்தது ஆறு மாதம் ஓய்வூதியக் காப்பீட்டுக்குக் கட்டியிருந்தால் அந்த நிறுவனம். இல்லையென்றால் பெரும்பாலும் காசே. மாணவர்களும் குடும்பக் காப்பீட்டில் உள்ள துணைவரும் காசேயின் கணக்கில் வருவார்கள். தனியார் காப்பீட்டில் இருப்பவர் கட்டாயம் பாலிசியைப் பார்க்க வேண்டும். ரேஹா அதில் அடங்காமல் இருக்கலாம், அடங்கினாலும் முன் அனுமதி கேட்டிருக்கலாம்.

தங்கிச் செய்வதா, வீட்டிலிருந்து தினமும் போய்வருவதா என்று கேட்பார்கள். சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் தங்கிச் செய்வதே உண்மையான ஓய்வு. ஜெர்மன் சுத்தமாக வராதவருக்கு, மாலையில் வீடு திரும்பும் ஏற்பாடு மனத்துக்கு இதம். கிளினிக்கைப் பற்றிய விருப்பத்தைச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஆங்கிலம் பேசும் பணியாளர்கள், சைவ உணவு, வீட்டிலிருந்து தூரம் போன்ற காரணங்களை விண்ணப்பத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

மறுத்துக் கடிதம் வந்தால் சோர்ந்துவிட வேண்டாம். கடிதம் கிடைத்த ஒரு மாதத்துக்குள் எழுத்தில் மறுப்பு தெரிவிக்கலாம், அதற்கு "வீடர்ஷ்ப்ருக்" என்று பெயர். "ஏற்கவில்லை, காரணம் பின்னால் வரும்" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினாலே கெடு காக்கப்படும். டாக்டரின் விளக்கத்தைப் பிறகு சேர்க்கலாம்.

4. வீட்டுக்கு அனுப்பும் நாள்

பையைத் தூக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை:

சிகிச்சைச் சுருக்கக் கடிதம். முழுக் கடிதம் பின்னால் வரும் என்றால் தற்காலிகக் கடிதமாவது வேண்டும்.
ஸ்டென்ட் அட்டை. எந்த வகை, என்ன அளவு, எந்தக் குழாயில், எந்தத் தேதி என்று இருக்கும். பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.
ஆஞ்சியோ படங்கள் உள்ள சிடி. கேட்டால்தான் தருவார்கள்.
மருந்துத் திட்டத் தாள்: காலை, மதியம், மாலை, இரவு என்று கட்டம் போட்டது.
மருந்துச் சீட்டு.
வேலைக்குப் போக முடியாது என்ற சான்று, அதாவது ஆ-ஊ. ஆஸ்பத்திரி இதை ஏழு நாள் வரை தரலாம்.

ஆஸ்பத்திரி எழுதித் தரும் மருந்துச் சீட்டு மூன்று வேலை நாட்களுக்குத்தான் செல்லும், அதுவும் மிகச் சிறிய பெட்டிக்கு. வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்கு அனுப்பினால் வழியிலேயே மருந்துக் கடையில் நின்றுவிட்டுப் போங்கள். ஸ்டென்ட் வைத்தவர் ஒரு வேளை மாத்திரையைக்கூட விடக் கூடாது.

சில வாரங்களில் ஆஸ்பத்திரிப் பங்குத்தொகைக்கு பில் வரும்: நாளொன்றுக்கு 10 யூரோ, ஓர் ஆண்டில் அதிகபட்சம் 28 நாள். ஓய்வூதியக் காப்பீடு தரும் ஆ-ஹா-பேக்கும் நாளுக்கு 10 யூரோதான், ஆனால் 14 நாள் வரை மட்டும். அதே ஆண்டில் ஆஸ்பத்திரிக்குக் கட்டிய நாட்கள் அதில் கழியும், ரசீதைக் காட்டினால்.

5. முதல் வாரம்: ஹவுஸ்ஆர்ட்ஸ்ட், ஆ-ஊ

ஹவுஸ்ஆர்ட்ஸ்ட் என்பவர் உங்கள் பகுதிக் குடும்ப டாக்டர். தொடர் மருந்துச் சீட்டு, ஆ-ஊ, இதய நிபுணருக்கான பரிந்துரை என எல்லாம் அவர் வழியாகத்தான் வரும். புதிதாக வந்தவர்களில் பலருக்கு இப்படி ஒருவரே இல்லை. பல இடங்களில் புதிய நோயாளிகளைச் சேர்ப்பதும் இல்லை. நோயாளி படுக்கையில் இருக்கும்போதே வீட்டில் உள்ளவர் போன் போட்டுத் தேட வேண்டும். இதய நிபுணரிடம் தேதி கிடைக்கவில்லை என்றால், பரிந்துரைச் சீட்டில் சந்திப்புக்கான குறியீட்டு எண்ணை ஹவுஸ்ஆர்ட்ஸ்ட்டிடம் கேட்டு வாங்கி 116117இல் பதியுங்கள். அந்த எண் இருந்தால் நான்கு வாரத்துக்குள் ஒரு தேதி கிடைக்க வேண்டும். டாக்டரை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது, கொஞ்சம் தூரமாகவும் இருக்கலாம்.

இனி ஆ-ஊ. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். பழைய சான்று முடியும் நாளுக்கு அடுத்த வேலை நாளுக்குள் புதிய சான்று எழுதப்பட்டிருக்க வேண்டும். சனிக்கிழமை இந்தக் கணக்கில் வேலை நாள் அல்ல. சான்று புதன்வரை என்றால் வியாழனுக்குள். வெள்ளிவரை என்றால் திங்களுக்குள். "திங்கள் டாக்டர் விடுமுறை, செவ்வாய் போனேன்" என்றால், காசேயின் உதவித்தொகையில் இருப்பவருக்கு இடைப்பட்ட நாட்களின் பணம் போகும். வேலை ஒப்பந்தமே முடிந்து அந்தத் தொகையை மட்டும் நம்பியிருப்பவர் ஒரு மாதத்துக்கு மேல் தவறவிட்டால் உரிமையே போய்விடும். டாக்டர் விடுமுறைக்குப் போகும் தேதிகளை முன்பே கேட்டு, மாற்று டாக்டர் யார் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

6. மாத்திரைகள்

ஸ்டென்ட் வைத்தவருக்குப் பொதுவாக இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து இரண்டு: ஆஸ்பிரின் 100 மில்லிகிராம் வாழ்நாள் முழுக்க, அதோடு டிகாக்ரெலர், ப்ராசுக்ரெல், க்ளோபிடோக்ரெல் மூன்றில் ஒன்று வழக்கமாக 12 மாதம். பல் பிடுங்கவோ வேறு சிறு அறுவைக்கோ போனால் "அதை ஒரு வாரம் நிறுத்துங்கள்" என்று யாராவது சொல்லக்கூடும். இதய நிபுணர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட்டுக்குள் இரத்தம் உறைந்தால் அது இன்னொரு மாரடைப்பு.

டிகாக்ரெலர் சிலருக்கு மூச்சு வாங்குவதுபோல் இருக்கும். இரத்த அழுத்த மாத்திரையான ராமிப்ரில் சிலருக்கு வறட்டு இருமல் தரும். இரண்டுக்கும் மாற்று இருக்கிறது. தாமாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். ஆனால் திடீரென்று வரும் மூச்சுத்திணறலை மாத்திரையின் தலையில் போட்டுவிடாதீர்கள், அதற்கு 112.

கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையான ஸ்டாடின் தொடங்கி நான்கு முதல் ஆறு வாரத்தில் இரத்தத்தில் கொழுப்பைப் பார்க்க வேண்டும். கெட்ட கொழுப்பான எல்டிஎல் 55 மி.கி./டெ.லி.க்குக் கீழே வருவது இலக்கு. "நார்மல்தான்" என்ற பதிலோடு எழுந்து வராதீர்கள், எண்ணைக் கேளுங்கள். ஆரோக்கியமானவருக்கு நார்மல் என்பது மாரடைப்பு வந்தவருக்கு அதிகம்.

இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனக் வேண்டாம். இபுப்ரோஃபென் ஆஸ்பிரினின் வேலையைக் கெடுக்கும். இரண்டுமே இதயத்துக்கும் வயிற்றுக்கும் ஆபத்து. ஊரிலிருந்து வந்த மூட்டுவலி மாத்திரைப் பெட்டியில் இவைதான் இருக்கும். வலிக்கு எது எடுக்கலாம் என்று ஹவுஸ்ஆர்ட்ஸ்ட்டிடம் கேளுங்கள். சூரணம், லேகியம் எதுவானாலும் அவரிடம் காட்டிவிட்டுத்தான்.

மருந்துக்குப் பெட்டிக்கு 5 முதல் 10 யூரோ உங்கள் பங்கு. குடும்ப வருமானத்தில் 2 சதவீதத்துக்கு மேல் போனால் அந்த ஆண்டு மிச்சத்துக்கு விலக்கு கேட்கலாம். நாட்பட்ட தீவிர நோயாளி என்று டாக்டர் படிவம் தந்தால் வரம்பு 1 சதவீதம். ரசீதுகளை ஒரு கவரில் போட்டுவாருங்கள்.

சாப்பாட்டைப் பற்றி ஒன்று மட்டும். ரேஹாவில் உணவு ஆலோசகர் ரொட்டி, சீஸ், சாஸேஜை வைத்தே பேசுவார். சாம்பார், தேங்காய்ச் சட்னி, வத்தக்குழம்பு அவருக்குத் தெரியாது. ஒரு வாரம் வீட்டில் சாப்பிடுவதை எழுதிக் கொண்டுபோங்கள்: எத்தனை கரண்டி எண்ணெய், எந்த எண்ணெய், எத்தனை அப்பளம், ஊறுகாய் எவ்வளவு. நம் சாப்பாட்டில் உப்பு குழம்பில் மட்டும் இல்லை. ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு என்று ஒளிந்திருக்கிறது. நாள் முழுவதற்கும் 5 கிராம் உப்புக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் அடங்க வேண்டும்.

7. பணம்: ஏழாவது வாரம் வரும் பள்ளம்

முதல் ஆறு வாரம் முதலாளி முழுச் சம்பளம் தருவார், வேலையில் சேர்ந்து நான்கு வாரம் ஆகியிருந்தால். சேர்ந்த நான்கு வாரத்துக்குள் நோய் வந்தால் அந்த நாட்களுக்குக் காசே பார்க்கும். ஏழாவது வாரத்திலிருந்து காசே தரும் நோய்க்கால உதவித்தொகை கிராங்கன்கெல்ட்: மொத்தச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆனால் கைக்கு வரும் சம்பளத்தில் 90 சதவீதத்தைத் தாண்டாது.

மொத்தம் 4,000, கைக்கு 2,600 யூரோ வாங்குபவர் என்று வையுங்கள். 70 சதவீதம் 2,800. 90 சதவீதம் 2,340. குறைந்தது எதுவோ அது, ஆகவே 2,340. அதிலும் ஓய்வூதியம், வேலையிழப்பு, பராமரிப்புக் காப்பீடுகளின் பங்கு கழிந்து கைக்கு வருவது ஏறத்தாழ 2,050. சம்பளம்போல் மாதக் கடைசியில் தானாக வராது. டாக்டர் சான்று எழுதிய நாள்வரைக்கும்தான் கணக்குப் போட்டு அனுப்புவார்கள். முதல் தடவை முதலாளியின் சம்பளச் சான்றும் நீங்கள் நிரப்பிய படிவமும் போய்ச் சேர்ந்த பிறகே வரும். ஒரு மாத வாடகையை ஒதுக்கி வைத்திருங்கள், ஊருக்கு அனுப்பும் பணத்தை அந்த மாதம் குறைத்துக்கொள்ளுங்கள்.

ரேஹா நாட்களில் ஆறு வாரச் சம்பளம் மிச்சமிருந்தால் அது தொடரும். தீர்ந்திருந்தால், ஓய்வூதியக் காப்பீடு ஊபர்காங்ஸ்கெல்ட் என்ற இடைக்கால உதவித்தொகையைத் தரும். அதற்குத் தனிப் படிவம். ஒரே நோய்க்கு மூன்று ஆண்டுகளில் 78 வாரம் என்பது கிராங்கன்கெல்ட்டின் எல்லை, முதல் ஆறு வாரமும் அதற்குள் அடக்கம்.

காசேயிடமிருந்து "பத்து வாரத்துக்குள் ரேஹாவுக்கு விண்ணப்பியுங்கள்" என்று கடிதம் வந்தால் அது அறிவுரை அல்ல. கெடு தாண்டினால் பணம் நிற்கும். கிராங்கன்கெல்ட்டுக்கு வரி இல்லை, ஆனாலும் மற்ற வருமானத்தின் வரி விகிதத்தை அது உயர்த்தும். ஆண்டுக்கு 410 யூரோவுக்கு மேல் வாங்கியிருந்தால் வரிக் கணக்கு தாக்கல் செய்தாக வேண்டும்.

மாணவர் காப்பீட்டில் கிராங்கன்கெல்ட் கிடையாது. தனியார் காப்பீட்டில் தினப்படி எந்த நாளிலிருந்து என்று ஒப்பந்தத்தில் நீங்கள் தேர்ந்தெடுத்தபடிதான்.

8. வேலைக்குத் திரும்புவது

ரேஹா முடியும் முன் அங்குள்ள டாக்டரோடு உட்கார்ந்து பேசுங்கள். அவர் கடைசி அறிக்கையில் "வேலைக்குத் தகுதி" என்று எழுதிவிட்டால் மறுநாளே போயாக வேண்டிய நிலை வரும். முடியாது என்று உடம்பு சொன்னால், படிப்படியாகத் திரும்பும் திட்டத்தைக் கேளுங்கள். ஹம்பர்க் முறை என்பார்கள். உதாரணமாக, இரண்டு வாரம் தினம் இரண்டு மணி நேரம், அடுத்த இரண்டு வாரம் நான்கு, பிறகு ஆறு. அந்த நாட்களில் நீங்கள் இன்னும் நோய் விடுப்பில்தான் இருக்கிறீர்கள். சம்பளத்துக்குப் பதில் உதவித்தொகை தொடரும். முதலாளி சம்மதிக்க வேண்டும். ரேஹா முடிந்த நான்கு வாரத்துக்குள் தொடங்கினால் ஓய்வூதியக் காப்பீடே பணம் தரும்.

பன்னிரண்டு மாதத்தில் ஆறு வாரத்துக்கு மேல் நோய் விடுப்பு என்றால், வேலையை எப்படி மாற்றியமைக்கலாம் என்று பேச முதலாளி உங்களை அழைக்க வேண்டும். போங்கள். இரவு ஷிப்ட், பாரம் தூக்குவது போன்றவற்றை அங்கே எழுத்தில் கொண்டுவரலாம். நோய் விவரத்தைச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை.

நோய் விடுப்பில் இருப்பதே வேலைநீக்கத்திலிருந்து பாதுகாப்பு என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நீக்கக் கடிதம் வந்தால் மூன்று வாரத்துக்குள் தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும். "இருவரும் சம்மதித்துப் பிரிகிறோம்" என்று நீட்டப்படும் தாளில் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்காமல், வக்கீலிடமோ தொழிற்சங்கத்திடமோ காட்டாமல் கையெழுத்திடாதீர்கள்.

லாரி, பஸ், டாக்ஸி ஓட்டுபவர்களுக்குத் தனி விதிகள். எப்போது ஓட்டலாம் என்பதை இதய நிபுணரிடம் எழுதி வாங்குங்கள்.

9. விசா

நோய் விடுப்பில் வேலை ஒப்பந்தம் தொடர்கிறது. கிராங்கன்கெல்ட் நீங்கள் கட்டிய காப்பீட்டிலிருந்து வருவது, அரசு உதவியாகக் கணக்கில் வராது. வதிவிட அட்டை காலாவதியாகும் தேதிக்கு முன்பே நீட்டிப்பு விண்ணப்பம் போய்விட வேண்டும், ஆஸ்பத்திரியில் இருந்தாலும் மின்னஞ்சலில். வேலை போய்விட்டால், வேலைக்காக அனுமதி பெற்றவர் இரண்டு வாரத்துக்குள் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஊரிலிருந்து அம்மாவோ அப்பாவோ துணைக்கு வர வேண்டுமென்றால் ஆஸ்பத்திரியிடமிருந்து ஒரு கடிதம் வாங்குங்கள்: நோய், அனுமதித்த தேதி, வீட்டில் துணை தேவை என்ற வரி. சென்னையிலோ கொழும்பிலோ விண்ணப்பத்தோடு அதை வைக்கலாம். பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு.

10. ஊருக்குப் போய்த் தேறலாமா?

எல்லோருக்கும் தோன்றும் ஆசை இது, புரிகிறது. ஆனால் கிராங்கன்கெல்ட் வாங்கும்போது இந்தியாவுக்கோ இலங்கைக்கோ போகக் காசேயின் முன் அனுமதி எழுத்தில் வேண்டும். இல்லாமல் போனால் அந்த நாட்களுக்குப் பணம் இல்லை. அங்கே இருக்கும்போது எதுவும் நடந்தால் ஜெர்மன் காசே கொடுக்காது. பயணக் காப்பீடுகளில் பல, ஏற்கெனவே இருக்கும் நோயை விலக்கிவைக்கும். அந்தப் பத்தியைத் தேடிப் படித்துவிட்டு வாங்குங்கள். ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் சாதாரண வதிவிட அனுமதி போய்விடும், நீல அட்டை (உயர்கல்வி பெற்ற வேலைக்காரர்களுக்கான ஐரோப்பிய ஒன்றிய அனுமதி) வைத்திருப்பவருக்கு 12 மாதம்.

ரேஹா முடிந்து, இதய நிபுணர் எக்கோ பார்த்துச் சம்மதித்த பிறகு போகலாம். எல்லா மாத்திரையும் கைப்பையில், இரண்டு வாரம் கூடுதலாக, பெட்டியோடு. சிகிச்சைக் கடிதம், ஸ்டென்ட் அட்டை, கடைசி ஈசிஜியின் நகல் போனிலும் காகிதத்திலும். மாத்திரை தீர்ந்தால் ஊரில் வாங்க, பிராண்ட் பெயருக்குப் பதில் மருந்தின் பெயரும் மில்லிகிராமும் எழுதிய தாள் ஒன்று, பாஸ்போர்ட்டுக்குள்.